1870 ஜனவரியில் லே ஆவ்ரிலிருந்து மாந்தோனுக்கு ரயிலில்: கடலோரமாகவே போக முடியுமா?

தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் பிரான்ஸ், காலம் 1870 ஜனவரி. லே ஆவ்ர் துறைமுகத்தில் தையல் வேலை செய்யும் ஒரு விதவை, காசநோய் பிடித்த தன் மகனைக் கூட்டிக்கொண்டு மாந்தோனுக்குப் போகிறாள். குளிர்காலத்தை அங்கே கழித்தால் பையன் பிழைப்பான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கதையில் பாதி இந்தப் பயணம்தான்.

லே ஆவ்ர் வடமேற்கே ஆங்கிலக் கால்வாய்க் கரையில் இருக்கிறது, மாந்தோன் தென்கிழக்கே இத்தாலி எல்லையை ஒட்டி. இவர்களை நார்மண்டி, பிரிட்டனி, போர்தோ, மார்செய் என்று கடலைப் பார்த்தபடியே கொண்டுபோக எனக்கு ஆசை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு ரயில் பாதை இருந்ததா? எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவாகும், பெட்டிக்குள் எப்படி இருக்கும்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

ரயில்வே_ராமு

தேன்மொழி, நல்ல வருடமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மாந்தோனுக்கு ரயில் வந்ததே 1869 டிசம்பர் 6ஆம் தேதிதான். உங்கள் கதை அதற்கு அடுத்த மாதம். ஸ்டேஷனில் சுண்ணாம்பு வாசனைகூடப் போயிருக்காது.

கடலோரமாகவே போக முடியுமா என்றால், முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். பிரான்சின் முதன்மைப் பாதைகளை எங்கே போடுவது என்று முடிவு செய்தது 1842 ஜூன் 11ஆம் தேதிச் சட்டம். அதற்குப் பின்னால் இருந்தவர் லெக்ராந் என்ற அதிகாரி, பாலங்கள் சாலைகள் துறையின் தலைவர். பாரிஸை நடுவில் வைத்து எல்லாத் திசைக்கும் கோடு இழுத்தார்கள். பெல்ஜிய எல்லைக்கு ஒன்று, கால்வாய்த் துறைமுகங்களுக்கு ஒன்று, ஜெர்மன் எல்லைக்கு ஒன்று, மத்தியதரைக் கடலுக்கு ஒன்று, ஸ்பெயின் எல்லைக்கு ஒன்று, அட்லாண்டிக் கரைக்கு ஒன்று. அதற்கு லெக்ராந் நட்சத்திரம் என்றே பெயர். ஒரு துறைமுகத்திலிருந்து தலைநகருக்குப் போக வசதி உண்டு. ஒரு துறைமுகத்திலிருந்து பக்கத்துத் துறைமுகத்துக்குப் போகிறவனைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஆகவே உங்கள் தாயும் மகனும் லே ஆவ்ரிலிருந்து ரூவான் வழியாகப் பாரிஸ் சான் லசார் ஸ்டேஷனுக்கு வருவார்கள், 228 கிலோமீட்டர். அங்கே இறங்கி, வாடகைக் குதிரைவண்டியோ ஆம்னிபஸ் குதிரைவண்டியோ பிடித்து ஊரின் மறுகோடியில் இருக்கும் லியோன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மேற்கு கம்பெனி வேறு, பாரிஸ்–லியோன்–மத்தியதரைக் கம்பெனி வேறு. பின்னதைப் பே எல் எம் என்பார்கள், 1857இல் பல கம்பெனிகள் சேர்ந்து உருவானது. அப்புறம் டிஜோன், லியோன், வலான்ஸ், அவிஞ்ஞோன், ஆர்ல், மார்செய். பாரிஸிலிருந்து மார்செய் 863 கிலோமீட்டர். அங்கிருந்து துலோன், கான், நீஸ், மொனாக்கோ, மாந்தோன் என்று இன்னும் 250 கிலோமீட்டர்.

கடல் எப்போது கண்ணில் படும் என்பதை உங்கள் கதைக்காகச் சொல்கிறேன். லே ஆவ்ரை விட்டபின் மார்செய்க்குச் சற்று முன்பு வரை உள்நாடுதான். மார்செய்க்கு முன்னால் நெர்த் சுரங்கப்பாதை, நாலரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். தலபோ என்ற பொறியாளர் முன்னின்று கட்டிய பாதை அது. பெட்டிக்குள் எண்ணெய் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில், புகை வாசனையோடு அத்தனை நேரம் இருட்டில் போய், லெஸ்தாக்கில் வெளியே வந்ததும் கீழே முழு மத்தியதரைக் கடலும் விரிந்து கிடக்கும். அந்தப் பயணத்தில் அதைவிடப் பெரிய தருணம் வேறு இல்லை. பையனை அப்போது விழித்திருக்க வையுங்கள்.

கயல்விழி

ராமு ஐயா சொன்ன பாதை சரி. ஆனால் தேன்மொழி, அந்த அம்மா தையல்காரி என்கிறீர்கள். டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கதையில் சொல்லியே ஆக வேண்டும்.

கம்பெனிகளுக்கு அரசு நிர்ணயித்த அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்கு முதல் வகுப்பு 10 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு பிராங்கு), இரண்டாம் வகுப்பு 7.5, மூன்றாம் வகுப்பு 5.5. வரி தனி. லே ஆவ்ரிலிருந்து மாந்தோன் ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பிலேயே ஒரு ஆளுக்கு 73 பிராங்குக்கு மேல். முதல் வகுப்பென்றால் 134. வெளியூர்களில் ஒரு கூலியாளின் நாள் சம்பளம் 2, 3 பிராங்கு. பெண்களுக்கு அதிலும் குறைவு. இரண்டு பேர் போக, சாப்பாட்டைச் சேர்க்காமலே, அவளுடைய பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும்.

இன்னொன்று. விரைவு வண்டிகளில் முதல் வகுப்பு மட்டும்தான். மூன்றாம் வகுப்புக்காரர்களை ஆம்னிபஸ் வண்டியில் ஏற்றுவார்கள். நம்ம ஊர் பாசஞ்சர் மாதிரி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், விரைவு வண்டிக்கு வழிவிட ஓரம் கட்டும். பணக்காரர் மாலையில் பாரிஸில் ஏறினால் மறுநாள் பகலில் மார்செயில் இருப்பார். ஏழைக்கு அதே தூரம் ஒரு முழு நாளைத் தாண்டும். ரயில் எல்லோருக்கும் தூரத்தைக் குறைத்தது என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும்.

ஊர்சுற்றி

மூன்றாம் வகுப்பில் கூரை இல்லாத பெட்டிகள் என்று எங்கேயோ படித்த ஞாபகம். 1870இலும் அப்படியா?

ரயில்வே_ராமு

இல்லை தம்பி. கூரையில்லாத பெட்டிகள் ஆரம்ப காலத்தில், 1840களில் ஓடியவை. 1870இல் கூரையும் உண்டு, ஜன்னலும் உண்டு. மெத்தை கிடையாது, வெறும் மரப் பலகை. முதல் வகுப்பில் ஒரு பெட்டியறைக்கு எட்டுப் பேர், எதிரும் புதிருமாக நாலு நாலு. மூன்றாம் வகுப்பில் வரிசைக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர். மூன்றாம் வகுப்பில் அறைகளைப் பிரிக்கும் தடுப்பு பல பெட்டிகளில் தோள் உயரம்தான், அதனால் ஒரு மூலையில் பேசுவது இன்னொரு மூலைக்குக் கேட்கும். கதைக்கு அது நல்லது.

பெட்டிக்குள் நடைபாதை கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் பக்கவாட்டில் கதவு. வண்டி ஓடும்போது அடுத்த அறைக்குப் போக வழியில்லை. கழிப்பறையும் இல்லை. ஸ்டேஷனில் நிற்கும் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். நோயாளிப் பையனோடு போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

தேன்மொழி

ஐயா, கயல்விழி, இருவருக்கும் நன்றி. பணத்துக்குத் தையல் எந்திரத்தை விற்றுவிடுகிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஜனவரிக் குளிரை எப்படித் தாங்கினார்கள்? சாப்பாடு? தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருந்ததா?

கயல்விழி

குளிருக்கு வெந்நீர் நிரப்பிய தட்டையான உலோகப் பெட்டி. ஸ்டேஷனில் ஆட்கள் கொண்டுவந்து காலுக்கடியில் வைப்பார்கள், ஆறியதும் அடுத்த பெரிய ஸ்டேஷனில் மாற்றுவார்கள். ஆனால் அது நீண்ட காலம் முதல் வகுப்புக்கு மட்டும் கிடைத்த சலுகை. மூன்றாம் வகுப்புக்காரர்கள் கம்பளியும், வைக்கோலும், பக்கத்து ஆளின் உடம்புச் சூடும்தான். இருமும் பையனை மரப் பலகையில் உட்கார வைத்து, மிஸ்த்ரால் என்ற வடக்குக் குளிர்காற்று வீசும் ரோன் பள்ளத்தாக்கு வழியாக ராத்திரியில் கொண்டுபோகிறாள் அவள். நோய் தீரும் என்று நம்பிப் போகும் பயணமே நோயைக் கூட்டியிருக்கும். இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஸ்டேஷன்களில் பூஃபே உண்டு, வண்டி அதற்காகவே இருபது நிமிடம் போல நிற்கும். சூப்பு ஆறுவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். காசில்லாதவர்கள் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு குப்பி ஒயின் என்று கூடையில் கட்டிக்கொண்டு வருவார்கள்.

ஸ்டேஷனில் வண்டி வரும்வரை பிளாட்பாரத்துக்கு விடமாட்டார்கள். வகுப்புவாரியாகக் காத்திருப்பு அறையில் அடைத்து வைத்து, கடைசியில் கதவைத் திறப்பார்கள். எல்லோரும் இடம்பிடிக்க ஓடுவார்கள். ஆளுக்கு 30 கிலோ வரை சாமான் இலவசம்.

பாதுகாப்பு என்றால் அந்தப் பத்தாண்டில் எல்லோர் மனதிலும் இருந்த பெயர் புவான்சோ. பாரிஸ் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி. 1860 டிசம்பரில் பாரிஸ் நோக்கி வந்த இரவு வண்டியில், முதல் வகுப்பு அறையிலேயே கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். சந்தேகப்பட்ட ஆள் கடைசிவரை அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அறைகளுக்கு நடுவில் பார்வைத் துளை வைப்பது, பயணி கார்டைக் கூப்பிட வழி செய்வது எல்லாம் பெரிய பேச்சானது. பெண்களுக்கென்று தனி அறை ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. மகன் கூட இருப்பதால் உங்கள் அம்மாவுக்கு அந்த அறை கிடைத்திருக்குமா என்பதையே ஒரு காட்சியாக்கலாம்.

மருதன்

வேறு ஒரு கோணம். கோடைவாசஸ்தலம் மாதிரி இந்த நீஸ், கான், மாந்தோன் எல்லாவற்றையும் ரயில்தான் உருவாக்கியது என்று இழையில் எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ஸ்மாலட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1763இலேயே நீஸுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போனார். நீஸ் கடற்கரையில் இருக்கும் ஆங்கிலேயர் நடைபாதை 1820களில் தொடங்கியது. கான் ஊருக்குப் புரோஆம் பிரபு 1834இல் வந்து வீடு கட்டினார். அவர் இத்தாலிக்குப் போகக் கிளம்பியவர், காலராவுக்காக வார் ஆற்றில் எல்லையை அடைத்துவிட்டதால் கானில் தங்கினார். மாந்தோனுக்கு ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர் 1859இல் வந்தார். அவருக்கே காசநோய், அங்கே தேறினார், அதை எழுதி ஊரைப் பிரபலப்படுத்தினார். ரயில் வர இன்னும் பத்து வருடம் இருந்தது. ரயில் ஏற்கெனவே இருந்த ஓட்டத்தை வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

ரயில்வே_ராமு

மருதன், முன்பே வந்தவர்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் வந்தவர்கள் யார்? சொந்தக் கோச்சு வண்டியும், வாரக்கணக்கில் சாலையில் இருக்க நேரமும் உள்ளவர்கள். ரயில் வந்ததும் என்ன ஆனது என்பதற்கு மொனாக்கோவைப் பாருங்கள்.

1861இல் மாந்தோனையும் ரோக்புருனையும் மொனாக்கோ பிரான்சுக்கு விற்றது, விலை 40 லட்சம் பிராங்கு. கையில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வருமானத்துக்குச் சூதாட்ட விடுதி ஒன்றே கதி. 1863இல் பிரான்சுவா பிளாங் அதை எடுத்து நடத்த வந்தார். நீஸிலிருந்து நீராவிப் படகிலோ மலைச்சாலையிலோ வர வேண்டும் என்பதால் கூட்டம் அளவாகத்தான் இருந்தது. 1868 அக்டோபரில் நீஸிலிருந்து ரயில் வந்தது. 1869 பிப்ரவரியில் மொனாக்கோ இளவரசர் குடிமக்களின் நேரடி வரியையே எடுத்துவிட்டார். நாலே மாதம். இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நீஸும் அப்படித்தான். 1860இல் பிரான்சோடு சேர்ந்தது, 1864 அக்டோபரில் ரயில் வந்தது. 1861இல் 48,000 பேர் இருந்த ஊர், நூற்றாண்டு முடியும்போது ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஸ்டேஷனை அன்றைய ஊருக்கு வெளியே வயல்காட்டில் கட்டினார்கள், ஊர் அதை நோக்கி வளர்ந்தது.

மருதன்

மொனாக்கோ விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நீஸில் மக்கள்தொகை கூடியதற்குப் பிரான்சோடு சேர்ந்ததே பெரிய காரணம் என்பேன். எல்லை போய்விட்டது, பாரிஸ் முதலீடு வந்தது. ரயிலும் அதே அரசியலின் விளைவு. அந்த ரயிலைப் போட்ட, இத்தாலியின் பியெமோந்துப் பகுதித் தொழிலாளர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதாததுதான் எனக்குக் குறை. எஸ்தரேல் மலையின் சிவப்புப் பாறையைக் கையால் உடைத்துப் பாதை போட்டவர்கள் அவர்கள். விருந்தாளிகளின் பெயரெல்லாம் தெருக்களுக்கு வைத்தார்கள்.

நெய்தல்

கடலோரப் பிரான்ஸ் என்றாலே எல்லோரும் தெற்கே ஓடிவிடுகிறீர்கள். மேற்குக் கரையையும் கொஞ்சம் பாருங்கள்.

பிரிட்டனியின் கோடியில் இருக்கும் பிரெஸ்ட் கடற்படைத் துறைமுகத்துக்கு 1865 ஏப்ரலில்தான் ரயில் போனது. வழியில் மொர்லே ஊரில் 292 மீட்டர் நீளப் பாலம், துறைமுகத்தின் தலைக்குமேலே, கீழே உள்ள வீட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே வண்டி போகும். அந்தப் பாதையில் எதிர்த்திசையில் பாரிஸுக்குப் போனவர்கள் பிரெத்தோன் பெண்கள். வீட்டுவேலைக்காக மூன்றாம் வகுப்பில் ஏறி மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் இறங்கினார்கள், அவர்களில் பலருக்குப் பிரெஞ்சு மொழியே சரியாக வராது. இன்றும் அந்த ஸ்டேஷனைச் சுற்றிலும் பிரெத்தோன் உணவகங்கள் இருக்கின்றன. எனக்கு நீஸ் விருந்தாளிகளைவிட இந்தப் பெண்களின் பயணம்தான் அந்த நூற்றாண்டின் உண்மையான நெடும்பயணம் என்று தோன்றுகிறது.

போர்தோவில் 1860 வரை இன்னொரு கூத்து. பாரிஸ் வண்டி கரோன் ஆற்றின் வலக்கரையில் நின்றுவிடும். தெற்கே பயோன் பக்கம் போகிற வண்டி இடக்கரையில் புறப்படும். நடுவில் மூட்டையோடு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். ரயில் பாலம் கட்டியபோது வேலையை மேற்பார்த்தவர் ஓர் இளம் பொறியாளர், பெயர் குஸ்தாவ் எஃபெல். பின்னாளில் பாரிஸ் கோபுரத்தால் உலகம் அறிந்தவர். போர்தோவுக்குத் தெற்கே லாந்த் சமவெளியில் பாதை கோடு கிழித்தாற்போல நேராகப் போகும். சதுப்பு நிலத்தில் இடையர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு ஆடு மேய்ப்பதை அன்றைய பயணிகள் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் அர்க்கஷோன். வங்கியாளர்களான பெரேர் சகோதரர்கள் 1857இல் அதுவரை ரயிலைக் கொண்டுபோய், பைன் காட்டு நடுவில் குளிர்கால நகரம் ஒன்றைக் காசநோயாளிகளுக்கென்றே கட்டினார்கள். தேன்மொழி, உங்கள் பையனை அங்கேகூட அனுப்பியிருக்கலாம். தூரம் குறைவு.

1864இலேயே ஸ்பெயின் எல்லை வரை பாதை வந்துவிட்டது. ஆனால் ஸ்பெயினில் தண்டவாள அகலம் வேறு. பிதாசோவா ஆற்றங்கரையில் எல்லோரும் இறங்கி வண்டி மாற வேண்டும்.

தேன்மொழி

நெய்தல், அர்க்கஷோன் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது, அருமை. ஆனால் மாந்தோனை விட மனமில்லை. ஒன்று கேட்கிறேன்: இப்படி மேற்குக் கரை வழியாக, வண்டி மாற்றி மாற்றி, பாரிஸைத் தொடாமல் போயிருக்க முடியாதா?

நெய்தல்

முழுக்கக் கரையோரமாக முடியாது. லே ஆவ்ரிலிருந்து சேன் முகத்துவாரத்தைப் படகில் தாண்டி ஓன்ஃபிளேர் அல்லது துரூவில் போக வேண்டும், பாலம் கிடையாது. பிறகு கான் (நார்மண்டியில் உள்ள கான், தெற்கே இருப்பது வேறு), லே மான், ரென், நாந்த். நாந்துக்குத் தெற்கே லா ரோஷ் சுர் யோன் வரை வண்டி உண்டு. அதற்கப்பால் லா ரோஷெல் வரை 1870இல் தண்டவாளமே இல்லை. மறுபடி உள்நாட்டுக்குத் திரும்பி பொவாத்தியே வழியாகத்தான் போர்தோ. அந்தப் பகுதியில் கிளைப்பாதை போட்ட சிறு கம்பெனிகள் நொடித்துப்போய், 1878இல் அரசே ஏற்று நடத்த வேண்டி வந்தது. கடலோர ஊர்களை ஒன்றோடொன்று இணைப்பதில் லாபம் இல்லை என்பதே காரணம்.

போர்தோவிலிருந்து துலூஸ் வழியாக செத் வரை மிதி (தெற்கு என்று பொருள்) கம்பெனி வண்டி உண்டு, செத்திலிருந்து மார்செய்க்குப் பே எல் எம் வண்டி. ஆக மனம் வைத்தால் போகலாம். நோயாளிப் பையனோடு யாரும் போகமாட்டார்கள்.

புதுவை_அந்துவான்

தபால்தலை சேகரிப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். உங்கள் கதைமாந்தர் போகும் அதே பாரிஸ்–மார்செய் பாதையில்தான் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கடிதங்கள் வந்தன. 1840, 50, 60களின் இங்கிலாந்து–இந்தியா கடித உறைகளில் "மார்செய் வழி" அல்லது "சவுத்தாம்ப்டன் வழி" என்று எழுதியிருப்பார்கள். சவுத்தாம்ப்டன் வழி என்றால் கப்பல் ஜிப்ரால்டரைச் சுற்றி வரும், நாள் அதிகம், காசு குறைவு. மார்செய் வழி என்றால் பிரான்சைத் தரைவழியாகக் குறுக்கே தாண்டி மார்செயில் கப்பல் ஏறும், சில நாள் முன்னதாகவே வந்து சேரும், ஆனால் அஞ்சல் கட்டணம் கூடுதல். அவசரக் கடிதமா சாவகாசக் கடிதமா என்று உறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

புதுச்சேரிக்குப் போகும் பிரெஞ்சு அதிகாரிகளும் இதே வண்டியில் மார்செய் வந்து மெசஜெரீஸ் கப்பலில் ஏறினார்கள். அந்தக் கம்பெனி 1862 முதல் சூயஸுக்குக் கிழக்கே கப்பல் விட்டது. இலங்கையில் காலித் துறைமுகத்தில் இறங்கி, கிளைக் கப்பலில் புதுச்சேரி. உங்கள் கதை நடக்கும்போது சூயஸ் கால்வாய் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது, மார்செய் ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கும்.

அந்த வருடமே பிரஷ்யாவோடு போர் வந்து இங்கிலாந்துத் தபால் மார்செயை விட்டு இத்தாலியின் பிரிந்திசிக்குப் போனது. 1871இல் மோன் செனி மலைச் சுரங்கமும் திறந்துவிட்டதால் அது திரும்பி வரவேயில்லை.

ஊர்சுற்றி

நான் மார்செய் போயிருக்கிறேன். சான் ஷார்ல் ஸ்டேஷன் வாசலில் அந்தப் பெரிய படிக்கட்டு, சிலைகள், அதிலிருந்து ஊர் முழுதும் தெரிவது... பையன் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது போல ஒரு காட்சி வைத்தால் அழகாக இருக்கும் தேன்மொழி.

ரயில்வே_ராமு

தம்பி, அந்தப் படிக்கட்டு 1920களில் கட்டியது. 1870இல் ஸ்டேஷன் மேட்டில் தனியாக நின்றது, ஊருக்குள் இறங்குவது சிரமம். அதேபோல பாரிஸ் லியோன் ஸ்டேஷனின் கடிகாரக் கோபுரமும் வேண்டாம், அது 1900 கண்காட்சிக்காக எழுந்தது. தூங்கும் வசதிப் பெட்டிகளும் வேண்டாம். நாகெல்மாக்கர்ஸின் வாகோன் லி கம்பெனி கலேயிலிருந்து நீஸ் வரை சொகுசு வண்டி விட்டது 1883 டிசம்பரில்.

கடிகாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிரான்ஸ் முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டம் வந்தது 1891இல். 1870இல் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரிய நேரம். லே ஆவ்ர் பாரிஸைவிட 9 நிமிடம் பின்னால், மாந்தோன் 21 நிமிடம் முன்னால். ரயில் மட்டும் எங்கும் பாரிஸ் நேரத்தில் ஓடும். அதிலும் ஸ்டேஷன் வாசல் கடிகாரம் சரியான பாரிஸ் நேரம் காட்டும், உள்ளே பிளாட்பாரக் கடிகாரம் 5 நிமிடம் தாமதமாக வைத்திருப்பார்கள், ஓடிவருகிறவர்கள் வண்டியைத் தவறவிடாமல் இருக்க. 1911 வரை அப்படித்தான் இருந்தது. அந்த அம்மா மாந்தோனில் இறங்கும்போது மாதா கோயில் மணிக்கும் ஸ்டேஷன் கடிகாரத்துக்கும் ஒத்துப்போகாது.

இன்னும் ஒன்று, மார்செய் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் உட்கார வையுங்கள், கடல் அந்தப் பக்கம். துலோனுக்கு அப்புறம் பாதை மோர் மலைக்குப் பின்னால் உள்நாட்டுக்குள் போய்விடும். ஃபிரெழூஸ், சான் ரஃபயேலில் மறுபடி கடல். அங்கிருந்து கான் வரை எஸ்தரேல் கரை, சிவப்புப் பாறையும் நீலத் தண்ணீரும் மாறி மாறி வரும். ஒவ்வொரு சிறு சுரங்கத்துக்கும் பிறகு ஒரு புதுக் குடா.

கயல்விழி

அந்தக் கரைப்பாதைக்கு ஆபத்தும் உண்டு. 1872 ஜனவரியில் அந்தீப் அருகே பிராக் ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் போய், வண்டி ஆற்றில் விழுந்தது. 1887 பிப்ரவரி 23, கார்னிவல் முடிந்த மறுநாள் விடியற்காலையில் நிலநடுக்கம். இத்தாலிப் பக்கம் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். நீஸில் விடுதிகளில் இருந்த வெளிநாட்டார் இரவு உடையோடு தெருவுக்கு ஓடி, ஸ்டேஷனை முற்றுகையிட்டு, கிடைத்த வண்டியில் ஏறிப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள் இடிந்த வீட்டோடு அங்கேயே இருந்தார்கள்.

தேன்மொழி, நோய் பற்றி ஒரு முக்கியமான விஷயம். காசநோய் கிருமியால் பரவுகிறது என்று ஜெர்மன் மருத்துவர் கோக் அறிவித்தது 1882 மார்ச்சில். 1870இல் பாரிஸிலும் லே ஆவ்ரிலும் பெரும்பாலான மருத்துவர்கள் அதைப் பரம்பரை நோய் என்றே நினைத்தார்கள். அதனால் அந்தப் பெட்டியில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது யாரும் பையனைக் கண்டு ஒதுங்கமாட்டார்கள். மடியில் படுக்கக்கூட வைத்துக்கொள்வார்கள். ஆனால் தெற்கே நாட்டு மக்களிடம் இது ஒட்டும் நோய் என்ற நம்பிக்கை பழங்காலம் முதலே உண்டு. வண்டி தெற்கே போகப் போக பார்வைகள் மாறும்.

தேன்மொழி

கயல்விழி, இதைப் படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. எனக்கு வேண்டிய முரண் இதிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. பையன் தேறிவிடுகிறான் என்று வைத்துக்கொண்டால், அவர்கள் இலையுதிர்காலத்தில் ஊர் திரும்ப வேண்டும். அந்துவான் போர் என்று சொன்னார். வண்டி ஓடியதா?

ரயில்வே_ராமு

1870 ஜூலையில் போர் தொடங்கியது. முதலில் படைகளை எல்லைக்கு அனுப்ப வண்டிகளை எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 19 முதல் பாரிஸ் முற்றுகை. லெக்ராந் நட்சத்திரத்தின் நடுப்புள்ளியே அடைபட்டுவிட்டது. பாரிஸிலிருந்து கடிதங்கள் பலூனில் பறந்தன, அமைச்சர் கம்பெத்தாவே அக்டோபர் 7ஆம் தேதி பலூனில் வெளியேறி தூர் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் தாயும் மகனும் அக்டோபரில் கிளம்பினால் ஒரே வழிதான்: மார்செய், தராஸ்கோன், செத், துலூஸ், போர்தோ, பொவாத்தியே, தூர், லே மான், கான், துரூவில், பிறகு படகு. தண்டவாளம் எல்லாம் இருந்தது. ஆனால் படை வண்டிகளுக்கு நடுவில், கிடைக்கும் வண்டியில், எத்தனை நாள் ஆகும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரிந்திருக்காது. தூர் அப்போது தற்காலிகத் தலைநகரம், அகதிகளும் அதிகாரிகளும் நிரம்பி வழிந்தது, படுக்க இடம் கிடைக்காது. டிசம்பர் 5ஆம் தேதி ரூவானைப் பிரஷ்யர்கள் பிடித்தார்கள், லே ஆவ்ர் கடைசிவரை விழவில்லை. லே மான் 1871 ஜனவரி 12இல் விழுந்தது. அதற்கு முன்னால் அவர்களை அந்த ஊரைத் தாண்ட வைத்துவிடுங்கள், அதன் பிறகு வடக்கே போக வண்டி இல்லை.